அலசிப் பாத்தியாத்தா?

எங்கள் வீட்டில் சாயக்காரர்கள் இரண்டு பேர். அப்பா முப்பது வருடத்துக்கு மேல் மதுரையில் முனிச்சாலைப் பக்கம் ஒரு சுங்குடிப் பட்டறையில் சாய மாஸ்டராக இருந்தவர். நான் ஊருக்கு வெளியே ஒரு ஆய்வுக்கூடத்தில் ஐந்தாவது வருடமாக பிஎச்டி என்ற பெயரில் சாயம் காய்ச்சிக்கொண்டிருப்பவள். அப்பாவின் சாயம் சேலையில் ஏறும். என் சாயம் மூளையில் திரண்டுபோகிற புரதத்தில் ஏறவேண்டும், ஏறினால் ஒளிரவேண்டும், ஏறாத இடத்தில் இருட்டாகக் கிடக்கவேண்டும். இந்தக் கடைசி விஷயத்தில்தான் என் இரண்டு வருடம் போனது.

போன மாதம் சித்தப்பா பேரனுக்குக் காதுகுத்து. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த பெரியம்மா ஆரம்பித்தார். "மறதி நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கிறியாமே?"

"மருந்து இல்ல பெரியம்மா. அந்த நோய்ல மூளைக்குள்ள புரதம் கட்டி கட்டியா சேரும். அது சேருதான்னு கண்ணால பாக்க ஒரு சாயம்."

"சாயமா? அதுக்கா இம்புட்டுப் படிப்பு? உங்கப்பன் எட்டாவதோட நிறுத்திட்டுத்தான போட்டான்!"

இலையைப் பார்த்துக்கொண்டே சிரித்தேன். ஆனால் பெரியம்மா சொன்னதில் அவர் நினைத்ததைவிட நிறைய உண்மை இருக்கிறது. எங்கள் துறையில் பெயர்போன முதல் சாயமே பருத்தித் துணிக்கு என்று செய்ததுதான். காங்கோ ரெட். 1880களில் ஜெர்மனியில் பால் போட்டிகர் என்பவர் செய்தது. அதற்கு முன் பருத்தியில் நிறம் நிற்கவேண்டுமென்றால் படிகாரம் மாதிரி எதையாவது முதலில் ஊட்டி, அதன்மேல்தான் சாயம் ஏற்றவேண்டும். காங்கோ ரெட்டுக்கு அந்த வேலையே இல்லை, நேராகப் போய் உட்காரும். பட்டறைகளில் 'டைரக்ட் கலர்' என்று ஒரு வகை உண்டே, அந்தக் குடும்பத்துக்கு மூத்த பிள்ளை இதுதான். அந்தச் சமயத்தில் பெர்லினில் ஐரோப்பிய நாடுகள் கூடி ஆப்பிரிக்காவைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தன, பேப்பரைத் திறந்தால் காங்கோ, காங்கோ என்றுதான் இருக்கும், விற்பனைக்கு நல்ல பெயராயிற்றே என்று சாயத்துக்கு வைத்துவிட்டார்கள். ஆப்பிரிக்காவுக்கும் அந்தச் சிவப்புக்கும் வேறு ஒரு சம்பந்தமும் கிடையாது.

இது எப்படி நோய்க்கூறு ஆய்வுக்கு வந்தது என்றால், நோயாளிகளின் உறுப்புகளில் மெழுகு மாதிரி ஏதோ படிவதை மருத்துவர்கள் ரொம்ப நாளாகவே பார்த்திருந்தார்கள். 1854-ல் ருடால்ஃப் விர்ச்சோ அதில் அயோடினை விட்டுப் பார்க்க, கஞ்சியில் அயோடின் விட்டால் ஆவதுபோல நிறம் மாறியது. சரி, இது மாவுச்சத்து வகை என்று நினைத்து 'அமிலாய்டு' என்று பெயர் வைத்தார். அது மாவுச்சத்து இல்லை, புரதம் என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது, ஆனாலும் தப்பான பெயரோடுதான் இன்றைக்கும் குடித்தனம் நடத்துகிறோம். 1922-ல் பென்ஹோல்ட், காங்கோ ரெட் அந்த அமிலாய்டில் போய் ஒட்டுவதைக் கண்டார். 1927-ல் பெல்ஜியத்தில் டிவ்ரி, அல்சைமர் என்கிற அந்த மறதி நோய் வந்த மூளையில் இருக்கும் படிவுகளுக்கு அதே சாயத்தைப் போட்டு, குறுக்காக வைத்த இரண்டு துருவத் தகடுகளுக்கு (ஒளியை ஒரே தளத்தில் அதிரவிடும் வடிகட்டிகள்) நடுவில் பார்த்தால் சிவப்பு போய்ப் பச்சையாக மின்னுகிறது என்று சொன்னார். நோய்க்கூறு ஆய்வகங்களில் அமிலாய்டு உண்டா இல்லையா என்பதற்கு இன்றும் அந்தப் பச்சைதான் சாட்சி.

பருத்திச் சாயம் புரதத்தில் ஏன் ஏறவேண்டும்? பருத்தி என்பது செல்லுலோஸ், சர்க்கரை மூலக்கூறுகள் நீளநீளமாகக் கோத்த இழை. காங்கோ ரெட் மூலக்கூறும் நீளமாக, தட்டையாக இருக்கும், இழையோடு இழையாகப் படுத்துக்கொள்ளும். அமிலாய்டும் ஒரு நார். ஒழுங்காக மடிந்திருக்க வேண்டிய புரதம் தடம் மாறி, துண்டு துண்டாக ஒன்றின்மேல் ஒன்று ஏணிப்படி மாதிரி அடுக்கிக்கொண்டு போகும், படிக்குப் படி 0.47 நானோமீட்டர். அல்சைமரில் அமிலாய்டு பீட்டா, டௌ என்று இரண்டு புரதங்கள், நடுக்குவாத நோயான பார்க்கின்சனில் ஆல்ஃபா சினூக்ளின், நோய்க்கு நோய் வேறு வேறு. ஆனால் அடுக்கு ஒரே மாதிரி. அடுக்கின் பக்கவாட்டில் நெடுக வாய்க்கால் மாதிரி பள்ளங்கள் ஓடும். சாயம் படுப்பது அந்தப் பள்ளத்தில்.

இதை நான் அப்பாவிடம் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே இல்லை. "டைரக்ட் கலரு நூல் வாக்குலதான் படுக்கும்" என்றார். மூலக்கூறு என்ற சொல்லையே கேள்விப்படாமல் இந்த மனுஷனுக்கு இது எப்படித் தெரியும் என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கூடவே, "அந்தச் செவப்புல எலுமிச்சம்பழம் பட்டா நீலமாயிரும், வெயில்லயும் நிக்காது, பேருக்குத்தான் செவப்பு" என்று ஒரு குறையும் சொன்னார். அமிலம் பட்டால் காங்கோ ரெட் நீலமாவது உண்மைதான், வேதியியல் ஆய்வகத்தில் அதை அமிலம் காட்டியாகவே பயன்படுத்துகிறோம். அது பென்சிடினிலிருந்து செய்யும் சாயம், பென்சிடின் புற்றுநோய் தரும் சரக்கு, அதனால் 1990களில் அந்த வகைச் சாயங்களுக்கே இந்தியாவில் தடை வந்துவிட்டது. அப்பா இளவட்டமாக இருந்தபோது கையுறை இல்லாமல் தொட்டிக்குள் முழங்கை வரை விட்டு என்னென்ன கலக்கினாரோ, அதை நான் அதிகம் கேட்டுக்கொள்வதில்லை.

இப்போது உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் ஓடுவது தயோஃப்ளேவின் டி. இதுவும் பழைய மஞ்சள் துணிச்சாயம்தான், 1959-ல் அமிலாய்டுக்கு வந்தது. காங்கோ ரெட் நிறம் காட்டும், தயோஃப்ளேவின் ஒளிரும், அதுதான் வித்தியாசம். இந்த மூலக்கூறில் இரண்டு பாதி, நடுவில் ஒரே ஒரு பிணைப்பு. தண்ணீரில் சும்மா இருக்கும்போது அந்த இரண்டு பாதியும் ஒன்றையொன்று பார்த்துச் சுழன்றுகொண்டே இருக்கும். ஒளியை ஊட்டினால், வாங்கிய ஆற்றலை எல்லாம் அந்தச் சுழற்சியிலேயே தீர்த்துவிடும், வெளியே ஒன்றும் வராது. நாரின் பள்ளத்தில் மாட்டிக்கொண்டால் சுழல முடியாது. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு ஆழ்வார்புரத்தில் நின்றிருக்கிறீர்களா? கையை வீசுவது இருக்கட்டும், தூக்கின கையை இறக்கவே இடம் இருக்காது. அந்த நெருக்கத்தில் மூலக்கூறுக்கு ஆற்றலை விட வேறு வழி இல்லை, ஒளியாகத்தான் விட்டாகவேண்டும். 450 நானோமீட்டர் நீல ஒளி கொடுத்தால் 482 பக்கம் பச்சை கலந்த நீலத்தில் திருப்பிக் கொடுக்கும்.

ஆனால் கவனியுங்கள், அது ஒளிர்வது 'அமிலாய்டு' என்று தெரிந்துகொண்டு இல்லை. சுழல முடியவில்லை, அதனால் ஒளிர்கிறது, அவ்வளவுதான். கிளிசரின் மாதிரி கெட்டியான திரவத்தில் போட்டாலும் ஒளிரும். எங்கே நெருக்கினாலும் ஒளிரும். இந்த ஒரு வரியை முதல் வருடமே நெற்றியில் பச்சை குத்திக்கொண்டிருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது.

புரதம் திரளுவதை அளக்கிற முறை ரொம்ப எளிது, தயிர் உறைகிற கதைதான். புரதக் கரைசலோடு சாயத்தைக் கலந்து, 96 குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் ஊற்றி, 37 டிகிரியில் குலுக்கிக்கொண்டே பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஒளியை அளந்தால், முதலில் நெடுநேரம் ஒன்றும் நடக்காது, கோடு தரையோடு தரையாகப் போகும். அப்புறம் திடீரென்று ஏறும். அப்புறம் மேலே போய்ச் சமதளமாகும். ஏற்கெனவே செய்து வைத்த நாரில் ஒரு துளியை முதலிலேயே விட்டால் அந்தக் காத்திருப்புக் காலம் சுருங்கிவிடும். உறை மோர் ஊற்றுவது இதுதான், நாங்கள் 'விதை' என்கிறோம். மூளைக்குள்ளும் நோய் இப்படித்தான் ஒரு செல்லிலிருந்து இன்னொரு செல்லுக்குப் பரவுகிறது என்று நினைக்கிறார்கள். உறை மோர் வித்தையை வைத்தே இப்போது பார்க்கின்சனுக்குச் சோதனை வந்திருக்கிறது. நோயாளியின் தண்டுவட நீரை ஒரு சொட்டு எடுத்து, ஆய்வகத்தில் செய்த சுத்தமான சினூக்ளினில் விட்டுக் குலுக்கி, தயோஃப்ளேவின் ஒளிர்கிறதா என்று பார்ப்பது. 2023-ல் 1,123 பேரிடம் செய்து வெளியிட்டார்கள், பார்க்கின்சன் உள்ளவர்களில் 87.7 சதவீதம் பேரைச் சரியாகப் பிடித்தது, நோய் இல்லாதவர்களில் 96.3 சதவீதம் பேருக்கு இல்லை என்று சரியாகவே சொன்னது. இதற்கும் அடியில் ஒரு துணிச்சாயம்தான் ஒளிர்கிறது, பெரியம்மா கவனத்துக்கு.

எங்கள் ஊரில் இந்தச் சோதனையை ஓட்டுவது தனிக் கூத்து. மே மாதத்தில் ஏசி திணறினால் ஓர வரிசைக் குழிகளில் கரைசல் வற்றிப்போகும், உப்பும் புரதமும் கெட்டிப்பட்டு நடு வரிசையைவிட முன்னாடியே திரள ஆரம்பிக்கும். கரண்ட் போனால் யுபிஎஸ் கருவியைத் தாங்கும், ஆனால் அதற்குப் பழைய பேட்டரி, அரைமணி நேரத்தில் அதுவும் சாய்ந்துவிடும், குலுக்கல் நின்றால் திரள்வதும் கிட்டத்தட்ட நின்றுவிடும், மறுபடி ஓடும்போது கோட்டில் படிக்கட்டு மாதிரி ஒரு வெட்டு விழும். ஒரு ஜூனியர் பையன் அந்த வெட்டைப் பார்த்துவிட்டு "அக்கா, ரெண்டு கட்டமா திரளுது, புது மெக்கானிசம்!" என்று ஓடிவந்தான். மின்வாரியத்துக்கு நன்றி சொல்லி பேப்பர் போடலாம் என்றேன்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

தயோஃப்ளேவினுக்குக் குறைகள் உண்டு. நேர்மின்சுமை உள்ளது, ரத்தத்திலிருந்து மூளைக்குள் லேசில் போகாது. நீல ஒளி கேட்கும், நீலம் தோலையும் எலும்பையும் தாண்டாது, போதாக்குறைக்குத் திசுவே தன் பங்குக்கு அந்த நிறத்தில் கொஞ்சம் ஒளிரும். உயிருள்ள எலியின் மூளைக்குள் பார்க்கவேண்டுமென்றால் 650-க்கு மேல், செக்கச்சிவந்த ஒளிக்குப் போகவேண்டும். இன்னொன்று, இதுதான் பெரிசு, தயோஃப்ளேவின் முற்றின நாரைத்தான் நன்றாகப் பார்க்கும். நாராகும் முன் பத்து இருபது புரதங்கள் மட்டும் கூடி நிற்கும் சிறு திரள்கள்தான் நரம்பு செல்லுக்கு அதிகக் கேடு என்று இத்துறையில் பலர் கருதுகிறார்கள். தயோஃப்ளேவின் கண்ணில் அவை படுவதே அரிது. திருடன் போனபின் நாய் குரைத்த கதை.

சிவப்புக்குப் போவது காகிதத்தில் எளிது. எலக்ட்ரானைக் கொடுக்கிற ஒரு முனை, இழுக்கிற ஒரு முனை, நடுவில் இரட்டைப் பிணைப்புச் சங்கிலி. சங்கிலியை ஒரு கண்ணி நீட்டினால் நிறம் சிவப்புப் பக்கம் நகரும். செய்வதற்கும் கஷ்டமில்லை, நோவெனகல் வினை என்று ஒன்று, ஆல்டிஹைடையும் இன்னொரு சரக்கையும் எத்தனாலில் போட்டு, பைபரிடின் இரண்டு சொட்டு விட்டுக் கொதிக்கவைத்தால், ஆறும்போது குங்குமப்பூ மாதிரி படிகம் விழும். கத்துக்குட்டிக்கும் வரும். எனக்கும் வந்தது. முதல் இரண்டு மூலக்கூறுகள் சப்பை. மூணாம் நம்பர், அடடா, 640-ல் தக்காளிச் சிவப்பு.

சினூக்ளின் செய்வது நாள் பிடிக்கும் வேலை என்பதால் முதலில் இன்சுலினில் ஓட்டினேன். அமிலத்தில் 65 டிகிரியில் வைத்தால் சில மணி நேரத்தில் இன்சுலின் நாராகிவிடும், மலிவான மாதிரிப் புரதம். முதல் நாள் அந்த அமிலத்துக்குள்ளேயே நேராகச் சாயத்தை விட்டேன், நிறமே போய்விட்டது. எலக்ட்ரான் கொடுக்கவேண்டிய நைட்ரஜன் அமிலத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் அப்புறம் எங்கே கொடுப்பது. எலுமிச்சம்பழக் கதை. பிறகு நாரை நடுநிலைக் கரைசலுக்கு மாற்றி அதில் விட்டேன், ஜோராக ஒளிர்ந்தது. அடுத்து சினூக்ளின். இருபது மணி நேரம் ஓடவிட்டுக் காலையில் வந்து பார்த்தால், தரை, ஏற்றம், சமதளம், பாடப்புத்தகக் கோடு. தயோஃப்ளேவின் கோட்டைவிட என் கோடு ஒன்றரை மணி நேரம் முன்னாடியே ஏறியிருந்தது. முன்னாடியே! அப்படியென்றால் அந்தச் சிறு திரள்களை என் சாயம் பார்க்கிறது என்றுதானே அர்த்தம்? கைடுக்கும் சந்தோஷம். ஒரு கருத்தரங்கில் போஸ்டர் வைத்தேன். பரிசு வேறு கொடுத்துத் தொலைத்தார்கள்.

அன்று ராத்திரி வீட்டில் போனை எடுத்து, யுவி விளக்கில் சிவப்பாக ஜொலிக்கிற குழாயின் படத்தை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உற்றுப் பார்த்தார்.

"நல்லா ஏறியிருக்கு. அலசிப் பாத்தியாத்தா?"

"அப்பா, இது துணி இல்லப்பா."

"எதுவா இருந்தா என்ன. தொட்டிக்குள்ள கெடக்கையில எல்லாத் துணியும் செவப்பாத்தான் இருக்கும்."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. பரிசு வாங்கின நாளில் கேட்கிற கேள்வியா? பதில் சொல்லாமல் சாப்பிடப் போய்விட்டேன். அப்பா எதைப் பார்த்தாலும் கேட்கிற கேள்வி அது. பட்டறையில் சின்ன வயதில் நானே பார்த்திருக்கிறேன், முடிச்சுப் போட்ட சேலை தொட்டியிலிருந்து வெளியே வரும்போது என்னவோ ராஜாத்தி மாதிரி இருக்கும், மூன்று தண்ணீர் அலசினபின்தான் எவ்வளவு நூலில் நிற்கிறது, எவ்வளவு சும்மா மேலே குந்தியிருந்தது என்று தெரியும். முடிச்சுக்குள்ளே வெள்ளை வெள்ளையாக நின்றதா, கசிந்ததா என்பதும் அப்போதுதான். சுங்குடியில் புள்ளிதானே சரக்கு. சாயம் போகாத இடம்தான் டிசைன்.

இரண்டு வாரம் கழித்து, இதற்காகவே என்றில்லை, வேறு எதற்கோ சென்ட்ரிஃப்யூஜ் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு இடம் காலியாக இருந்தது. சரி என்று என் குழாய்களையும் வைத்தேன். கணக்கு எளிது, வேகமாகச் சுற்றினால் நார் அடியில் உட்காரும், சாயம் நாரில் உண்மையிலேயே ஏறியிருந்தால் நாரோடு அடிக்குப் போகும், மேலே தெளிந்த நீரில் இருக்காது. ஒரு குழாயில் புரதமும் சாயமும். எதிர்ப்பக்கம் எடை சமன் செய்ய இன்னொரு குழாய் வேண்டுமே, புரதம் இல்லாமல் வெறும் சாயக் கரைசலை ஊற்றி வைத்தேன். அரைமணி நேரம்.

எடுத்துப் பார்த்தால் இரண்டு குழாயிலும் அடியில் சிவப்பு.

வெறும் சாயம் இருந்த குழாயின் அடியிலும் பொட்டு வைத்த மாதிரி சிவப்பு. புரதம் கிடையாது, நார் கிடையாது, அதற்கு உட்கார்ந்து ஒட்டிக்கொள்ள ஆளே கிடையாது. சாயம் தானே திரண்டிருக்கிறது. சங்கிலியை நீட்டி நீட்டி நான் செய்து வைத்திருந்தது தண்ணீர் ஆகாத ஒரு எண்ணெய்ப் பிசுக்கு மூலக்கூறு, அது தண்ணீரில் மணிக்கணக்கில் குலுங்கும்போது தனக்குத்தானே கூடி நெருக்கிக்கொண்டு, சுழல முடியாமல், அழகாக ஒளிர்ந்திருக்கிறது. நான் எல்லாக் கணக்கிலும் வெறும் சாயத்தின் ஒளியைக் கழித்துத்தான் இருந்தேன், ஆனால் பூஜ்ஜியமாவது நிமிடத்தில் அளந்ததைக் கழித்திருந்தேன். இருபது மணி நேரமும் வெறும் சாயத்தைத் தனியாக ஒரு குழியில் ஓடவிடவில்லை. அன்று ராத்திரியே ஓடவிட்டேன். தரை, ஏற்றம், சமதளம். அதே பாடப்புத்தகக் கோடு. ஒன்றரை மணி நேரம் முன்னாடி ஏறியது சிறு திரள்கள் இல்லை, என் சாயம்தான்.

ரெண்டு நாள் ஆய்வுக்கூடத்துக்குப் போகவில்லை. வைரல் காய்ச்சல் என்று சொன்னேன்.

திரண்டால் ஒளிரும் சாயங்கள் என்று தனி வகையே இருக்கிறது, 2001-ல் ஹாங்காங்கில் பென் சோங் டாங் குழு கண்டு பெயர் வைத்தது, நிறையப் பேர் அதை வைத்து நல்ல நல்ல வேலை செய்திருக்கிறார்கள். ஆனால் அதை வைத்துப் புரதத்தின் திரட்சியை அளக்கும்போது 'திரண்டது யார்' என்ற கேள்வியை யாராவது கேட்டே ஆகவேண்டும். எங்கள் வீட்டில் கேட்டவர் எட்டாவதோடு நிறுத்தினவர்.

இதற்கு நேர் எதிரான பள்ளமும் உண்டு, அதில் மஞ்சள் விழுந்தது. 'மஞ்சள் சாப்பிட்டால் அல்சைமர் வராது' என்று குடும்ப குரூப்பில் வாரம் ஒரு ஃபார்வர்டு வரும். அதில் கொஞ்சத்துக்கு இப்படித்தான் ஆரம்பம்: குர்குமினைப் புரதத்தோடு சேர்த்தால் தயோஃப்ளேவின் ஒளி குறைகிறது, ஆகவே நார் உருவாகவில்லை. ஆனால் குர்குமினே ஒரு சாயம். தயோஃப்ளேவின் வாங்கவேண்டிய ஒளியைத் தான் வாங்கும், நாரில் இடத்துக்கும் போட்டி போடும். நார் அங்கேயே இருந்தாலும் ஒளி குறைந்ததுபோல் தெரியும். 2009-லேயே இதைக் காட்டிவிட்டார்கள், ஃபார்வர்டுக்கு மட்டும் இன்னும் தகவல் போகவில்லை. மஞ்சளை மருந்தாக்கும் பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை, சாயமாக்குவதில் உண்டு. குர்குமின் நாரில் நன்றாகவே ஒட்டும். அதன் நடுவில் போரானையும் ஃபுளோரினையும் கோத்து, முனைகளையும் மாற்றி, அகச்சிவப்புப் பக்கம் ஒளிரும் 'கிரானாட்' என்ற சாய வரிசையைப் பாஸ்டனில் செய்தார்கள், அதுவும் அதே 2009. எலியின் மண்டைக்கு வெளியே கேமரா வைத்து உள்ளே இருக்கும் அமிலாய்டைப் பார்க்க முடிந்தது.

அப்பாவின் கேள்வியை எங்கள் துறையே வேறு பெயரில் கேட்டிருக்கிறது என்று அப்புறம்தான் எனக்கு உறைத்தது. பிட்ஸ்பர்க்கில் க்ளங்க், மேத்திஸ் என்ற இருவர் தயோஃப்ளேவினை எடுத்து, அதன் மின்சுமையைக் கழற்றிவிட்டு, கதிரியக்கக் கார்பனை வைத்து ஒரு மூலக்கூறு செய்தார்கள். ஊர்ப் பெயரையே வைத்து பிட்ஸ்பர்க் காம்பவுண்டு பி. 2004-ல் வந்த அந்தக் கட்டுரையில்தான் உயிரோடு இருக்கும் அல்சைமர் நோயாளிகளின் மூளையில் அமிலாய்டு முதன்முதலாக இத்தனை தெளிவாகத் தெரிந்தது. அந்தக் கார்பன் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும், அது தீர்ந்துபோகும் முன் செய்து, ஊசி போட்டு, படம் எடுத்தாகவேண்டும். அந்த ஓட்டத்தில் அவர்கள் தேர்ந்தெடுத்தது எந்த மூலக்கூறு நாரில் அதிகம் ஒட்டுகிறது என்று மட்டும் பார்த்து இல்லை. நோய் இல்லாத மூளையிலிருந்து எது சீக்கிரம் கழுவிக்கொண்டு வெளியே போகிறது என்றும் பார்த்துத்தான். மூளை முழுக்கக் கொழுப்பு, எண்ணெய்ப் பிசுக்கு மூலக்கூறு எல்லாம் அங்கேயே குந்திக்கொள்ளும். அதில் அலசினால் போகிற சாயம் வேண்டும், நாரில் மட்டும் நிற்கவேண்டும். முடிச்சுக்குள் வெள்ளை நிற்பது மாதிரி.

இதை அப்பாவிடம் ஒத்துக்கொண்டபோது ஒரு சண்டையும் போட்டேன். "உங்க சாயம் எத்தனை அலசினாலும் போகக்கூடாது. என் சாயம் அப்படி நின்னா எனக்கு வேலைக்காகாது" என்றேன். தயோஃப்ளேவினே வலுவாகப் பிடிப்பதில்லை, வந்து உட்காரும், போகும், இன்னொன்று வரும். ஒற்றை மூலக்கூறு நுண்ணோக்கியில் இந்த வருவது போவதை வைத்தேதான் நாரைப் புள்ளி புள்ளியாக வரைகிறார்கள். அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அது சாயம் இல்லத்தா, மருதாணி" என்றார். மருதாணியும் போகாதே என்று சொல்ல வந்து விட்டுவிட்டேன்.

நாலு முதல் ஏழு வரை நம்பர்களின் கதையை முழுக்கச் சொன்னால் நீங்கள் ஓடிவிடுவீர்கள். நாலில் எதிர்மின்சுமை உள்ள சல்ஃபோனேட் வால் வைத்தேன், தண்ணீரில் கரைந்தது, திரளவில்லை, ஆனால் அந்த மின்சுமையோடு மூளைக்குள் போகும் நம்பிக்கை இல்லை. ஐந்தில் நேர்மின்சுமை, செல்லுக்குள் விட்டதும் நேராக மைட்டோகாண்டிரியாவுக்குப் போய்ப் படுத்துக்கொண்டது, அதன் சவ்வில் உள்பக்கம் எதிர்மின்சுமை, காந்தம் மாதிரி இழுக்கும். ஆறு, மின்சுமையே இல்லாதது, செல்லில் இருந்த கொழுப்புத் துளிகளை எல்லாம் தீபாவளியாக்கியது. சாதாரண நாளில் இதைக் கழித்துக்கட்டலாம். ஆனால் பார்க்கின்சன் மூளையில் இருக்கும் லூயி உருண்டைகளுக்குள் சினூக்ளினோடு சவ்வும் கொழுப்பும் உடைந்த செல் உறுப்புகளும் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன என்று 2019-ல் ஒரு கட்டுரை வந்தது. அப்படியானால் அங்கே போய் ஒளிர்கிற சாயம் புரதத்தைப் பார்த்து ஒளிர்கிறதா, கொழுப்பைப் பார்த்தா? எனக்கு மட்டுமில்லை, இத்துறையில் கட்டுரை போடுகிற எல்லோருக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். ஆனால் பாதிக் கட்டுரைகளில் ஒரு கொழுப்புச் சோதனைகூட இருக்காது. ஆல்புமின் என்கிற ரத்தப் புரதம் ஒன்றோடு மட்டும் ஒப்பிட்டுவிட்டு 'தேர்ந்து ஒட்டுகிறது' என்று முடித்துவிடுகிறார்கள். முன்பு நானும் அதே கும்பலில்தான் இருந்தேன்.

ஏழாம் நம்பரில் ஒரு முனையில் குட்டையான கிளைகால் (glycol) சங்கிலி, மின்சுமை இல்லை, தண்ணீரோடும் ஓரளவு ஒத்துப்போகும். ஒளி கம்மி, மூணாம் நம்பர் பக்கத்தில் வைத்தால் திருவிழா லைட்டுக்கு எதிரே அகல்விளக்கு. ஆனால் வெறும் சாயக் குழி இருபது மணி நேரமும் தரையோடு தரையாகக் கிடந்தது. கொழுப்பில் லேசாக, சினூக்ளின் நாரில் நன்றாக. சிறு திரள்களைப் பார்க்கிறதா? இல்லை. அந்த ஆசையை இப்போதைக்கு மூட்டை கட்டி வைத்திருக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை சுற்றி எடுத்தேன். நார் இருந்த குழாயின் அடியில் சிவப்பு, வெறும் சாயத்தில் ஒன்றுமில்லை, கண்ணாடி மாதிரி. மேல் நீரைக் கொட்டிவிட்டுப் புதுக் கரைசல் ஊற்றி, கலக்கி, மறுபடி சுற்றினேன். சிவப்பு அடியிலேயே நின்றது. பஸ்ஸில் வரும்போதே அப்பாவுக்கு போன் போட்டேன்.

"அலசிட்டேன்ப்பா. நிக்குது."

"எத்தன தண்ணி?"

"ஒண்ணு."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. டிவியில் சீரியல் ஓடுவது மட்டும் கேட்டது.

மறுநாள் போய் இன்னும் இரண்டு தண்ணீர் அலசினேன். மூன்றாவதில் பாதி போய்விட்டது. எலியில் படம் எடுக்க அது போதுமா, மூளைத் திசுவை வெட்டிச் சாயம் போட்டால் தாங்குமா என்று உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். எட்டாம் நம்பருக்கு வேண்டிய ஆல்டிஹைடுக்கு ஆர்டர் போட்டாயிற்று. வர ஆறு வாரம் ஆகுமாம்.